ஏச்சு மட்டும் தெரிந்த மகன்

செல்ல மகளுக்கு,

எழுத்துக் கூட்டி ஆறுதலாக வாசி.

ஃபாரஸ்ட் கேட் மாதா கோயிலில் எங்களுக்கு முன்வாங்கில் இருக்கும் சிசிலிக்காரி அகத்தாவை உனக்கு நினைவிருக்கும். இப்போது மறதி நோயோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறா. முதலில் இங்கிலிஷ் போனது, பிறகு இத்தாலியன். மிச்சம் சிசிலியன் மட்டும்தான். மொழிபெயர்க்க வந்த இத்தாலியர், "இது வெறும் கொச்சை" என்று கையை விரித்துவிட்டார். கொச்சை இல்லை, மகள். தமிழுக்குப் பக்கத்தில் மலையாளம் இருக்கிற மாதிரி அதுவும் ஒரு தனி மொழி.

அவவின் மகன் சால்வோவுக்கும் அது தெரியாது. பள்ளிக்கூடத்தில் நக்கலடிப்பார்கள் என்று அகத்தா அவனோடு இங்கிலிஷே பேசினவ. கோபம் வந்தால் மட்டும் சிசிலியன் வரும்.

நேற்று நான் பார்க்கப் போனபோது அவ சாப்பிடாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தா. சால்வோ இங்கிலிஷில் கெஞ்சிக் களைத்துப்போனான்.

"அங்கிள், எனக்கு அம்மாவின்ர ஏச்சு மட்டும்தான் தெரியும்."

"அப்ப ஏசு, தம்பி."

சின்ன வயதில் வாங்கிய ஏச்சையெல்லாம் மெல்லிய குரலில் திருப்பிச் சொன்னான். அவ சிரித்தா. வாயைத் திறந்தா. அவன் அழுதுகொண்டே சூப்பைப் பருக்கினான்.

போன கிழமை டொக்டர் என்னையும் அதே மறதி நோய்ப் பிரிவுக்கு எழுதிவிட்டிருக்கிறார். பயப்படாதே, இன்னும் நாள் இருக்கிறது.

நானும் நீயும் இங்கிலிஷில்தானே கதைத்தோம்? எனக்கும் அது ஒருநாள் போய்விடும். அப்போது சொல்லுத் தேடி அலையாதே. "சோத்தை அளையாமல் தின்னடி, எருமை!" என்று நான் கத்தினது உனக்கு மறந்திராது. அதையே என்னிடம் சொல்லு.

வாயைத் திறப்பேன்.

உன் அப்பா