சிவப்பு விளக்கு எரியும் தூரம்

படப்பை, ஞாயிறு இரவு.

கார் ஷெட் சுவரில் சென்சார் மாட்டி முடித்தேன். கார் சுவரை நெருங்கினால் சிவப்பு விளக்கு எரியும். ரிச்சி தெருவில் உதிரிகள் வாங்கி நானே பற்றவைத்தது. தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் குமரன் வந்ததும் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். விளக்கு எரிந்ததும் சரியாக நிறுத்தினேன்.

"சூப்பர்ப்பா. ஆனா இன்னாப்பா, செவுரு தெரியலயா உனக்கு?"

"தெரியுதுடா. ஒரு வசதிக்குத்தான்."

"எங்க லைன்ல, ஆளோட கண்ண நம்ப முடியாத எடத்துலதான்பா சென்சார் வெப்போம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். போகும்போது கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வாத்தியாராக இருந்த காலத்தில், அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட எந்தப் பிள்ளையிடமும், உனக்குக் கை நடுங்குகிறது என்று நான் சொன்னதில்லை.  சுவர் எனக்குத் தெரிகிறது. பொழுது சாய்ந்தால்தான் கொஞ்சம்...

நாளை மனைவி சரோஜாவை முட்டி வைத்தியத்துக்கு அழைத்துப் போக வேண்டும். குமரனிடம் சாவியைக் கேட்டு வாங்கவா என்றேன்.

"வேணாங்க, ஷேர் ஆட்டோலயே போய்க்கலாம்" என்றாள் சட்டென்று.

மடங்காத முட்டியோடு அதில் எப்படி ஏறுவது என்று அவள் யோசிக்கக்கூட இல்லை.