ஹாலுக்குள் வந்த ரிக் வண்டி

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

கிரகப்பிரவேசம் முடிந்து இத்தனை நாளாகியும் ஹாலின் பெரிய சுவர் மொட்டையாகவே நிற்கிறது. வருகிறவர்களெல்லாம் ஓடுகிற ஏழு குதிரைப் படம் போடச் சொல்கிறார்கள். மல்லசமுத்திரத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் அந்தக் குதிரைகள்தான். எனக்கு வேண்டாம்.

சுவரில் படம் வரைந்து தரும் அயோத்தியாப்பட்டணத்துக் கோகிலவாணிக்குப் போன் செய்தேன். "என்னக்கா வரையணும்?" என்றாள்.

"எங்கூட்டுக்காரரோட போர் போடற ரிக் வண்டிங் கண்ணு."

"வண்டியாக்கா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

20 ஆகஸ்ட்

கோகிலவாணி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

கல்யாணமான நாளிலிருந்து இவர் போர்வெல் வண்டியோடு ஊர் ஊராகப் போகிறவர். மழைக்காலத்தில் மட்டும் வீடு. மகள் கல்யாணம் முடிந்ததும் நின்றுவிடுகிறேன் என்றார். முடிந்தது. வீடு கட்டியதும் என்றார். கட்டியாயிற்று. இன்னும் ராஜஸ்தானிலிருந்து வந்தே சேரவில்லை, அதற்குள் கூட்டாளி வெங்கடாசலம், ஆயுத பூஜை முடிந்ததும் மறுபடி ராஜஸ்தான் கிளம்ப வேண்டும் என்கிறாராம். வண்டியைப் பார்க்காவிட்டால் இவருக்கும் சோறு இறங்காது.

அந்த வண்டியையே ஊட்டுக்குள்ள கொண்டாந்து நிறுத்திட்டா? அப்பறம் எதுக்கு ராஜஸ்தானு? என் மூளையே மூளை!

27 ஆகஸ்ட்

கோகிலவாணி சாக்பீஸால் சுவர் முழுக்கக் கட்டம் போட்டுவிட்டாள். போன வருடம் மாலை போட்டு எடுத்த வண்டி போட்டோவைக் கொடுத்தேன். படத்தில் போர்க்குழியிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு அடிக்க வேண்டும் என்று கேட்டாள். "தென்னமரத்து ஒசரத்துக்கு அடி சாமி, நம்ம காசா பணமா" என்றேன்.

வண்டி பக்கத்தில் இவரையும் வரைந்தாள், தொப்பையோடு. கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.

"பொய் சொல்லக் கூடாதுக்கா."

"செவுத்துல சொன்னாத் தப்பில்ல, கொற."

3 செப்டம்பர்

முடிந்தது. என்ன அழகு! பக்கத்து வீட்டு நல்லம்மாள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். திருஷ்டி சுற்றிப் போட வேண்டும்.

8 செப்டம்பர், ஞாயிறு

இவர் ராஜஸ்தானிலிருந்து வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். சுவரைப் பார்த்தார். "நல்லாருக்குது" என்றார். அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்துவிட்டார்.

11 செப்டம்பர்

ஹாலில் உட்காருவதே இல்லை. டிவியும் பார்ப்பதில்லை. கொல்லைப் படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். வெங்கடாசலத்தின் போன் வேறு காலையும் மாலையும்.

புரிந்துவிட்டது. படத்தைப் பார்த்துப் பார்த்து, கிளம்பும் ஆசை ஏறிவிட்டது. எங் கையாலயே தொரத்தி உடறனா? எனக்கு இது வேணும்.

15 செப்டம்பர், ஞாயிறு

புரட்டாசி பிறப்பதற்குள் ஒரு கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். அதையும் கொல்லைப் படிக்கே எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, நாஞ் செஞ்சது புடிக்கலீங்களா?"

"அப்படியில்ல வசந்தா. அது முன்னால என்னால உக்கோர முடியல. அந்தப் படத்துல தண்ணி அடிக்குது. எனக்குத் தண்ணி வராத போருதான் நெனப்பு வருது. தண்ணியில்லாம வெறும் மண்ணுப் பொகையா வாரப்ப அந்தூட்டுப் பொம்பளைங்க எம் மூஞ்சியவே பாப்பாங்க. ஊட்டுக்கு வந்துமா அது?"

இத்தனை வருடத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. போனில் கேட்டால் "நல்ல தண்ணி" என்பார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"அப்பறம் எதுக்குங்க மறுபடியும் போறீங்க?"

எலும்பை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னார். "இங்க எனக்கென்ன இருக்குது? புது ஊட்டுல சொம்பு எங்கிருக்குதுன்னு கூடத் தெரியல. விருந்தாளியாட்ட இருக்குது."

அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. "சொம்பு எங்கடின்னு கேட்டா வாய் தேஞ்சா போயிரும்?" என்று கத்தினேன். அவர் சிரித்துவிட்டார். நானும்தான்.

19 செப்டம்பர்

கோகிலவாணி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். இருக்காதா, அவள் வரைந்ததை அவளையே அழிக்கச் சொன்னால்? நான் டீ கொடுத்துச் சமாதானம் செய்வதற்குள் இவரே உப்புத்தாளை வாங்கி வண்டியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். தன் தொப்பையை மட்டும் கடைசியாகத் தேய்த்தார்.

"வேற என்னங்கண்ணா போடட்டும்?"

வெகுநேரம் யோசித்தார். "எங்க கடலக்காடு. இவ களையெடுக்கறாப்பல."

"ஏன், செவுத்துலயும் நாந்தான் வேலை செய்யோணுமா? என்னைய வரப்புல உக்கார வெச்சு வரையச் சொல்லுங்க!"

"செரி, நீ உக்காரு. களைய நான் எடுக்கறேன்."

30 செப்டம்பர்

இவரும் கோகிலவாணியும் சேர்ந்து வண்ணம் குழைக்கிறார்கள். இந்தப் பச்சை கடலைச் செடிப் பச்சை இல்லையாம். அவளைக் காட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார். இன்று மதியம் கடுகு டப்பா எங்கே என்று என்னைக் கேட்காமல் அவரே எடுத்துத் தாளித்தார். கடுகு கருகிவிட்டது. சொல்லாமல் சாப்பிட்டேன்.

11 அக்டோபர், ஆயுத பூஜை

நாளைக்கு வண்டி கிளம்புகிறது. இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. வழக்கம்போல் பையில் துணி அடுக்கினேன். மூன்று சட்டை, லுங்கி, துண்டு, தேங்காயெண்ணெய். போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவார். எனக்காக இருக்கிற ஆள் எனக்கு வேண்டாம். அவருக்கே இருக்கத் தோன்ற வேண்டும்.

பெரிய வீராப்புதான். தலையணை நனைந்துவிட்டது.

12 அக்டோபர், சனி

காலையில் வெங்கடாசலம் கார் வந்தது. இவர் பையை எடுத்துக்கொண்டு, "வாரேன்" என்றார். நான் வாசலுக்குப் போகவில்லை. அரிசி ஊறப்போட்டேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று தெரியாமல் இரண்டு ஆளுக்கே போட்டேன்.

சாயந்திரம் கேட் சத்தம். டவுன் பஸ்ஸில் இறங்கி நடந்து வருகிறார், வெறுங்கையோடு.

"வண்டி போயிருச்சுங்களா?"

"தேங்கா ஒடச்சு அனுப்பிட்டேன். இனி எம் எடத்துல, புதுசா வேலைக்குச் சேந்த முருகானந்தம் பாத்துக்குவான்."

"பையி?"

"அவனுக்குக் குடுத்துட்டேன். சின்னப் பையன், ஒண்ணுமே எடுத்துட்டு வல்ல. சட்ட அளவு சரியாத்தான் இருக்குது."

மூன்றும் நல்ல சட்டை. திட்டித் தீர்த்தேன். நாளைக்குத் திருச்செங்கோடு போய் இவருக்கு வேறு எடுக்க வேண்டும்.