கீழ்த்தொட்டி

1984 ஜூலை 3, செவ்வாய்

இந்த முறையும் எல்லாம் செத்துவிட்டன. காலையில் பார்த்தபோது குஞ்சுகள் சரளைக் கல் மேல் வெள்ளைத் தூசு போலக் கிடந்தன. தாயும் தகப்பனும் இன்னும் அவற்றைச் சுற்றிக் காவல் நின்றுகொண்டிருந்தன. ஊசுடேரியில் பிடித்த மஞ்சள் மீன் ஜோடி. இது மூன்றாவது தடவை.

காரணம் எனக்குத் தெரியும். தொட்டித் தண்ணீர் கெட்டுப் போகிறது. அவர் இரண்டு வேளையும் ரொட்டித் தூளைக் கொட்டுகிறார். சொன்னால், "தூலோன்ல எங்க காப்டன் வூட்ல இப்டித்தான் போடுவாங்க, கண்ணால பாத்திருக்கேன்" என்கிறார். இருபது வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் போன வருஷம் வந்தார். நான் விலங்கியல் எம்.எஸ்ஸி. அதைத்தான் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். என் கணவருக்கு என்னைவிட ஏதோ ஒரு காப்டனின் தொட்டி பெரிது.

ஒரு தடவையாவது குஞ்சுகள் பிழைக்க வேண்டும். இப்போதைக்கு எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூலை 5

ரொட்டியை நிறுத்த முடியாது. தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டே இருக்க முடியும். கூடத்துத் தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி. மேல் தொட்டியின் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே ஒரு துளை. அதன் வழியாக நீர் குழாயில் இறங்கி, கீழே கூழாங்கல், கரி என்று ஒவ்வொரு அறையாகக் கடக்கும். கடைசி அறையில் ஏர்கூலருக்குப் போடும் சிறு மோட்டார். அது மேலே ஏற்றும்.

எதில் செய்வது? கண்ணாடி என்றால் உள்ளே நடப்பது தெரியும். ஆனால் ஒட்டு விட்டுப்போகும். பிளாஸ்டிக் பீப்பாய் மேசைக்கு அடியில் நுழையாது. சிமென்ட் சுண்ணாம்பைக் கக்கும். ஆனால் அதை ஊறவைத்து எடுத்துவிடலாம். சிமென்ட்தான்.

"கரன்ட்டு போனா?" என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் ரேடியோவைத் திருகினார்.

ஜூலை 8, ஞாயிறு

கொத்தனார் கண்ணையன் வந்தார். நான் வரைந்த படத்தைக் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி அப்படியே இவரிடம் நீட்டி, "முசே, இப்டியே கட்டிடலாமா?" என்றார். பிரான்சிலிருந்து வந்தவர் என்பதால் ஊரில் எல்லோருக்கும் என் கணவர் 'முசே', அதாவது ஐயா. இவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "கட்டுங்க" என்றார். என் படம். என் அளவு. ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

மூன்று அடி நீளம். நடுவில் இரண்டு தடுப்பு.

ஜூலை 12

கண்ணையன் போகும்போது வாசலில் நின்று என்னிடமே சொன்னார்: "வாழ மட்டய வெட்டிப் போட்டு பத்து நாளு ஊறட்டும் டீச்சரம்மா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணிய மாத்துங்க. சுண்ணாம்பு செத்துடும்." இந்த ஆளுக்கு என்னோடு பேசவும் தெரிகிறது. அப்படியானால் அன்றைக்கு ஏன்?

ஜூலை 25

ஓடுகிறது.

மோட்டாரை மூன்று தடவை நிறுத்திப் பார்த்தேன். நின்றதும் துளைக்கு மேலே உள்ள நீரும், மேலேற்றும் குழாய் திருப்பி இழுக்கும் நீரும் கீழே இறங்குகின்றன. ஒவ்வொரு தடவையும் முப்பது லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நாற்பதுக்கு இடம் விட்டுச் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டேன். கோட்டுக்கு மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

"சரி சரி. வூட்டுக்குள்ள மழ பேயற மாதிரி சத்தம், இதுல எங்க தூங்கறது?"

ஆகஸ்ட் 2

முட்டை. சாய்த்து வைத்த ஓட்டில், இருநூறு இருக்கும். தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது.

ஆகஸ்ட் 9, வியாழன்

குஞ்சுகள் நீந்துகின்றன. ஒரு சிறு மேகம் போல தாயின் பின்னாலேயே போகின்றன. துளையின் வாயில் நைலான் வலை கட்டியிருக்கிறேன். ஒன்றுகூடச் சாகவில்லை.

அவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது காதில் விழுந்தது: "நான் கட்டுன தொட்டி."

ஆகஸ்ட் 14

நாளை மாதா திருநாள். நாத்தனார் மதலேனாள் பாகூரிலிருந்து வந்துவிட்டார். வந்ததும் மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாடி செல்வி இது, பாதித் தொட்டியா வெச்சிருக்கிற?"

"அது அப்படித்தான் இருக்கணும் அண்ணி."

திருநாள் காலையில் வீட்டில் எந்தப் பாத்திரமும் குறையாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தவலை, குடம், செம்பு, எல்லாம் நிரப்பியாக வேண்டும். செம்பை நிரப்பட்டும். எனக்கென்ன.

ஆகஸ்ட் 15, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான் முதல் பூசைக்குப் போயிருந்தபோது நாத்தனார் கீழ்த்தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டார். கிணற்றில் இறைத்துக் கொடுத்தவர் என் கணவர். கோடு தெரியும். நான் சொன்னதும் தெரியும். "அக்கா ஆசயா ஊத்தறாங்க, ஒரு நாள்தானேன்னு உட்டேன்." இதை அவர் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு. திரும்பி வந்த நான் துணியைத் தூக்கிப் பார்த்தேனா? இல்லை. கூடத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள், அடுப்பில் பிரியாணி. என்னையும் சொல்ல வேண்டும்.

ஒரு மணிக்குப் பந்தி. பாயில் பன்னிரண்டு பேர். கரன்ட் போனது. கீழ்த்தொட்டி வழிந்து பாய்க்கு அடியில் தண்ணீர் ஓடியது. எல்லோரும் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். "முசே வூட்ல உக்காந்த எடத்துலயே மீன் புடிக்கலாம் போலருக்குதே" என்று யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பொம்பள போட்ட கணக்கு, வேற எப்டி இருக்கும்" என்றார். பன்னிரண்டு பேருக்கு முன்னால்.

நான் துடைக்கத் துணி எடுக்கப் போனேன். அந்த நேரத்தில் அவர் ஈரத் துண்டைச் சுருட்டித் துளையில் அடைத்திருக்கிறார், தண்ணீர் இறங்காமல் இருக்க. என்னிடம் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் கரன்ட் வந்தது. மோட்டார் தன் வேலையைச் செய்தது. மேலே ஏறிய நீர் இறங்க வழியில்லை. மேல் தொட்டியின் நான்கு பக்கமும் வழிந்தது. குஞ்சுகளோடு.

இலைகளுக்கு நடுவே, பாயின் மேல், சோற்றுப் பருக்கைகளோடு. ஈரத்தில் கொஞ்ச நேரம் துடித்தன. எழுந்தவர்கள் காலடி பார்க்காமல் நடந்தார்கள். நான் முழங்காலில் உட்கார்ந்து கரண்டியால் வாரிப் பார்த்தேன். "ஏய், நவுருங்க, மிதிக்காதீங்க" என்று கத்தினேன். இதற்கு முன் நான் கத்தி இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

பிழைத்தவை ஏழு.

ஆகஸ்ட் 16

ஏழும் இல்லை.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

"புதுசா வாங்கிட்டாப் போச்சு, அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு திரியற?" என்றார். மீன் வாங்கலாம் என்கிறார். நாத்தனார் ஊருக்குப் போகும்போது என் கையைப் பிடித்து, "தெரியாம ஊத்திட்டேன்டி" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் இன்னும் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22

தலைமையாசிரியையிடம் கேட்டேன். ஆய்வுக்கூடத்தின் வடக்குச் சுவர் ஓரம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அங்கே மூன்றடியில் பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. துளை போட்டுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 25, சனி

கண்ணையன் மாட்டு வண்டி கொண்டுவந்தார். "முசேகிட்ட ஒரு வார்த்த..." என்று இழுத்தார். "என்கிட்ட கேட்டா போதும்" என்றேன். அவர் ஏற்ற ஆரம்பித்தார். கீழ்த்தொட்டி, மோட்டார், குழாய், வாளியில் ஜோடி மீன். என் கணவருடைய கண்ணாடித் தொட்டியைத் தொடவில்லை. அது அவர் வாங்கியது.

அவர் வாசலில் நின்று பார்த்தார். "வூட்ல இருக்கிற பொருள இஸ்கூலுக்குத் தூக்கினு போறாளாம்" என்று தெருவுக்குச் சொன்னார். இரவுச் சாப்பாடு போட்டேன்.

செப்டம்பர் 1

முட்டை. ஆய்வுக்கூட உதவியாள் அம்சவள்ளிதான் முதலில் பார்த்தாள். வெளியாள் யாரையும் தொட்டியில் கைவைக்க விடாதே என்றேன். "ஹெச்செம்மே வந்தாலும் உட மாட்டேன் டீச்சர்" என்றாள்.

செப்டம்பர் 13, வியாழன்

ஆறாவது நாளாக நீந்துகின்றன. மாணவிகள் எண்ணிப் பார்த்தார்கள். ஒருத்தி நூற்று நாற்பது என்றாள், ஒருத்தி நூற்று அறுபது. சண்டை.

மூன்று மணிக்கு அவர் வந்தார். அம்சவள்ளி அவரை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டு என்னிடம் வந்து கேட்டாள். பாடம் முடிய இருபது நிமிடம் இருந்தது. முடித்துவிட்டுத்தான் உள்ளே விடச் சொன்னேன்.

தொட்டிக்கு முன்னால் நின்று, "இத்தினி இருக்குதே" என்றார். நான் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்போது கரன்ட் போனது. கீழே நீர் ஏற ஆரம்பித்தது. அவர் குனிந்தார், கை துளைப் பக்கம் பாதி போயிற்று, என்னைப் பார்த்தார். நான் தலையை நிமிர்த்தவில்லை. கையை எடுத்து மார்பில் கட்டிக்கொண்டார். நீர் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

கரன்ட் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அப்படியே நின்றார். பக்கத்தில் நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.