பானையில் எழுதிய பெயர்

அம்பாசமுத்திரம்
14-5-1996

அன்புள்ள மகள் ஃபிளோராவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், என் மேல்வரிசைப் பல்செட்டைத் தவிர. அது போன சனிக்கிழமை ஊரே பார்க்க பஸ் ஸ்டாண்டு சிங்கமுகக் குழாயின் கல்தொட்டிக்குள் விழுந்துவிட்டது. நீ பள்ளிக்கூடம் போன நாளிலேயே வறண்டு கிடந்த அதே குழாய்தான். தங்கள் தாத்தா கட்டியது என்று மில்கார முதலாளி குடும்பம் புதுப் பைப் போட்டு, கல்லைத் தேய்த்துக் கழுவி, சுற்றிலும் கம்பி வேலி வைத்துத் திறந்தார்கள். முதல் மடக்கு நான்தான் குடிக்க வேண்டும் என்றார்கள். குனிந்தேன், போயிற்று. முதலாளியே கைவிட்டு எடுத்துக் கொடுத்தார், தங்கமான மனுஷன்.

எனக்கு எதற்கு அந்த மரியாதை என்று கேட்பாய். குழாய் வறண்ட காலத்தில் அங்கே மண்பானை வாங்கி வைத்தது நான். உபயம் தேவசிகாமணி என்று சிவப்புப் பெயின்டில் பானை முழுக்க எழுதியதும் நான். தினமும் ஆற்றிலிருந்து குடம் சுமந்து அதை நிரப்பியது பக்கத்தில் வெள்ளரிக்காய் விற்கும் கனி. மில்காரர்கள் பானையைப் படித்துவிட்டு எனக்குப் பொன்னாடை போட்டார்கள். வேலிக்குள் வியாபாரம் கூடாது என்று கனியின் கூடையை அன்று காலையிலேயே எதிர்ப்பக்கம் வெயிலுக்குத் தள்ளிவிட்டார்கள், அங்கே எந்த பஸ்ஸும் நிற்பதில்லை, யார் வாங்குவார்கள். முதலாளி அம்மா மைக்கை என்னிடம் நீட்டி, வேற என்ன செய்யணும் அண்ணாச்சி, கூச்சப்படாமச் சொல்லுங்க என்றார்கள். ஒண்ணும் வேண்டாம்மா, ரொம்ப சந்தோஷம் என்றேன். பல் கையில் இருந்ததால் பேச வரவில்லை என்று வீட்டில் உன் அம்மாவிடம் சொன்னேன். ஒண்ணும் வேண்டாம்னு மட்டும் பல்லில்லாம வந்துதாக்கும் என்று கேட்டாள்.

கூட்டம் முடிந்து கனியைக் கடந்துதான் வந்தேன். சால்வை ஒமக்கு நல்லா இருக்கு அண்ணாச்சி, இந்த வெயிலுக்குத் தோதுதான் என்று சிரித்தபடி ஒரு வெள்ளரிப் பிஞ்சை நீட்டினாள். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். அன்றிலிருந்து கடைத்தெருவுக்குப் பின்சந்து வழியாகப் போய்வருகிறேன்.

நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் மஸ்கட் வந்து சேர்ந்ததா என்று மறக்காமல் எழுது. கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக.

உன் அப்பா,
தேவசிகாமணி

பி.கு. மில்லுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பாய். நேற்று கேட் வரைக்கும் போனேன். காவல்காரர் எழுந்து கும்பிட்டார், திரும்பிவிட்டேன். அந்த மைக்கில் நான் முழுங்கியது இவ்வளவுதான்: தண்ணி சுமந்தது கனிம்மா, அவ கூடை இங்கனயே இருந்துட்டுப் போட்டும்.