கணவரைக் குழியில் இறங்கவிடாமல் பிடித்தது குற்றமாகாது என விண்ணப்பம்

அனுப்புநர்:
தரை கழுவும் பணியாளர், பணி எண் 47,
மீன்தூள் ஆலை.

பெறுநர்:
தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: கழிவுநீர்க் குழி விபத்து – எனக்கு அளித்த குற்றக் குறிப்பாணையை நீக்கவும், குழியை உடனே ஆய்வு செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கொழுந்தனார் பிழைத்துக்கொண்டார். நேற்றுக் காலை ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். மருத்துவமனைச் சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போடும் அளவுக்குத் தேறியிருக்கிறார். ஒன்பது நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியிருப்பதால், இந்த மனுவில் கோபம் குறைவாகவே இருக்கும். கோரிக்கை குறையாது.

1. ஆலையில் மீன் கழுவும் தண்ணீர் முழுவதும் பின்புறக் குழியில் சேருகிறது. இரண்டு ஆள் ஆழம். பத்தாம் தேதி பிற்பகல் குழிக்குள் உள்ள பம்பு அடைத்துக்கொண்டது. பம்பு பார்ப்பவரான என் கொழுந்தனார் மூடியைத் திறந்தார். அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஏணியில் நாலு படி இறங்கியவர், "இப்ப நாத்தமே இல்ல அண்ணி, காத்து நல்லாத்தான் இருக்கு" என்றார்.

2. சென்ற ஆண்டு ஆலையில் அரைநாள் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. ஆண்களுக்கு வேலை கெடும் என்று, நாற்காலிகளை நிரப்பத் தரை கழுவும் பெண்களை அனுப்பினார்கள். அந்த முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகுந்தால் முதலில் மூக்கைத்தான் மழுக்கும், நாற்றம் போனால் ஆபத்து போனதாகாது என்று அங்கேதான் கேட்டேன். "ஏறி வந்துடுங்க" என்று நான் கத்தி முடிப்பதற்குள் அவர் சாய்ந்துவிட்டார். ஒரு கை ஏணிப்படியில் மாட்டியிருந்ததால் தண்ணீரில் விழவில்லை.

3. உலர்த்தும் கொட்டகையில் வேலை பார்க்கும் என் கணவர் ஓடிவந்து குழிக்குள் காலை வைத்தார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக விழுந்தேன். "விடுடி, என் தம்பி சாகறான்" என்றார். "நீங்களும் போனா ரெண்டு பொணம். காத்து ஊதியைக் கொண்டாங்க" என்றேன். அவர் திமிறியதில் முழங்கை பட்டு என் உதடு கிழிந்தது. பிடியை விடவில்லை. பிறகு இருவருமாகக் கொட்டகையின் காற்றூதியை இழுத்துவந்து, அதன் குழாயைக் குழிக்குள் இறக்கினோம். தீயணைப்பு நிலையம் அடுத்த தெருவில் இருப்பது எங்கள் பூர்வ புண்ணியம். வாயிற்காவலர் கூப்பிட்டதும் வந்த வீரர்கள், மூச்சுக் கருவி அணிந்து இறங்கி அவரைத் தூக்கினார்கள்.

4. மருத்துவமனையில் நான்கு நாள் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் மருத்துவர், "காப்பாத்தப் போறேன்னு இன்னொருத்தர் இறங்கியிருந்தா அவரும் போயிருப்பார்" என்று என் மாமியாரிடம் சொன்னார். மாமியார் பெஞ்சில் சற்று நகர்ந்து, "உக்காரு" என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் போதும்.

5. வீட்டில் தீர்ந்த வழக்கை ஆலையில் தொடங்கியிருக்கிறார்கள். "மீட்புப் பணிக்கு இடையூறு செய்தார்" என்று மேற்பார்வையாளர் எனக்குக் குறிப்பாணை தந்துள்ளார். விபத்துப் பதிவேட்டில் "பணியாளருக்கு மயக்கம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

எனவே குறிப்பாணையை நீக்கவும், நடந்தது வாயு விபத்து என்று பதிவு செய்யவும், வாயு அளக்கும் கருவியும் மூச்சுக் கருவியும் ஆலையில் வைக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். அடுத்த வகுப்புக்குக் குழியில் இறங்குகிறவர்களையே அனுப்பச் சொல்லுங்கள்.

ஐயா, பம்பு இன்னும் அடைத்தபடியே இருக்கிறது. திங்கட்கிழமை வேறொருவரை இறக்கப் போகிறார்கள் என்று கேள்வி. அவர் யாரென்று தெரியாது. அவருக்கும் வீட்டில் ஆள் இருக்கும். அதற்கு முன் தாங்கள் நேரில் வந்து அந்த மூடிக்குப் பூட்டுப் போட வேண்டும்.

இடம்: மருத்துவமனை, இரண்டாம் மாடி
நாள்: மார்ச் 19

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பணி எண் 47

சாட்சி:
(கையொப்பம்)
மனுதாரரின் கணவர், தடுக்கப்பட்டவர்