சாம்பல் சட்டைத் துரைசாணிக்கு வைத்த சோறு

அக்கா,

இன்று காலை மேடம் லண்டனிலிருந்து வந்த புதுக் கலண்டரைச் சமையலறைச் சுவரில் மாட்டச் சொன்னார். முதல் படமே ஒரு கோட்டை. கொடி படர்ந்த கல் சுவர், சின்னச் சின்ன ஜன்னல். ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால், "எடியே, இதிலை எந்த ஜன்னலிலை அந்தத் துரைசாணி நிக்கிறாள்?" என்று கேட்டிருப்பீர்கள்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தப் பஹ்ரைன் வீட்டுக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது. நீங்கள் யாழ்ப்பாணத்தில் படித்தவர், சமையல் உங்கள் பொறுப்பு. மேடம் பின்னேர டீயோடு தன் இங்கிலாந்துப் பேய்க்கதைகளைச் சொல்வார். வெங்காயம் உரித்தபடி நீங்கள் எனக்குத் தமிழில் சொல்வீர்கள். அவர் ஊரில் ஒரு பெரிய மாளிகையாம். சாம்பல் நிறச் சட்டை போட்ட துரைசாணி ஒருத்தி, சண்டைக்குப் போன புருஷனைத் தேடி அங்கே மாடிப்படியில் இன்னமும் ஏறி இறங்குகிறாளாம். நூற்றுக்கணக்கான வருசமாக. அவளைப் பார்க்கச் சனம் டிக்கட் எடுத்துப் போகுமாம்.

"பேய்க்கும் டிக்கட்டா அக்கா?" என்று நான் சிரித்தேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. "பாவமடி. இவ்வளவு காலம் அலையிறாள் எண்டால், ஒருத்தரும் அவளுக்கு ஒரு பிடி சோறு வைக்கேல்லை."

அடுத்த வெள்ளிக்கிழமை மேடம் கிளப்புக்குப் போனதும் குளித்துவிட்டு வந்து சமைத்தீர்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். வாழையிலைக்கு எங்கே போவது? அலுமினியத் தாளை விரித்துப் பின்முற்றத்தில் படைத்தீர்கள். வெள்ளைக்காரிக்குச் சோறு இறங்குமோ என்னவோ என்று பக்கத்தில் பட்டர் பூசிய பாணும் பால் விட்ட டீயும். காகம் வரவில்லை. பூனைதான் வந்தது.

மேடமும் வழக்கத்தைவிட நேரத்தோடு வந்துவிட்டார். படைத்தால் பசி தீர்ந்து அவள் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று நீங்கள் விளக்கியதும் அவர் முகம் மாறிப்போனது. அவளை அனுப்பிவிடாதே, அவள் போய்விட்டால் அந்த வீட்டைப் பார்க்க யார் வருவார்கள் என்று கெஞ்சாத குறை.

"பார்த்தியே, பேயைப் போக விடாமல் வைச்சிருக்கிற சனம்!" உள்ளே வந்து அதைச் சொல்லித்தான் நீங்கள் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பில் நானும் கேட்டுவிட்டேன். ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போன உங்கள் மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் இருந்த காலம் அது. "தம்பிக்கும் ஒரு பிடி வச்சிருக்கலாமே அக்கா?"

கரண்டியைக் கீழே வைத்தீர்கள். "வாயைக் கழுவடி. நான் வைச்சால் அவன் செத்தவன். வைக்காத வரைக்கும் எங்கையோ பசியோட இருக்கிறான். இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. போன வருசம் இதே அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. உடலை ஊருக்கு அனுப்பினால் அங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லை. விசா கொடுத்த கபீல் கையெழுத்துப் போட்டார், இங்கேயே எரித்தார்கள். கொள்ளி வைத்தது யாரோ ஒரு டிரைவர்.

இன்று உங்கள் திவசம். கலண்டரை மாட்டிவிட்டு உங்கள் கைப்பக்குவத்திலேயே எல்லாம் சமைத்தேன். தாளையும் விரித்தேன். சோற்றை அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது. பிள்ளை கொடுக்க வேண்டிய திவசம். அதை நான் கொடுத்தால், பிள்ளை இல்லை என்றுதானே அர்த்தம்? கடைசி மூச்சு வரை நீங்கள் சொல்லாததை, உங்கள் முன்னாலேயே நான் எப்படிச் சொல்வது?

சோற்றைத் திரும்பச் சட்டியில் போட்டுவிட்டேன். சோறு வைக்காவிட்டால் அலைவார்கள் என்ற உங்கள் பேச்சுப்படி பார்த்தால் நீங்களும் இந்த வீட்டில்தான் அலைய வேண்டும். அதுவும் இல்லை. ஒரு நிழல்கூட இல்லை.

தம்பி வருவான் என்று எனக்கு நம்பிக்கை இல்லை அக்கா. ஆனாலும் அவன் வைக்க வேண்டிய சோறு அது. பசியோடு இருங்கள்.