தொண்ணூற்றொன்பது கெஜத்துக்கு இரண்டு பேர்

லிபோவா, நெப்ராஸ்கா
அக்டோபர் 21

அன்புள்ள அண்ணன் டுவேனுக்கு,

தங்கை ரெனே எழுதுவது. போனில் ஊர்ப் பேச்சை எடுத்தாலே உன் அலாஸ்காவில் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாதே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்கு நீ ஊருக்கு வர வேண்டும்.

நீ ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். பதினேழு வயதில் பள்ளி அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடிய ஒரே ஓட்டத்தை இந்த ஊர் உன்னைக் கால் நூற்றாண்டுக்கு மேல் சொல்ல வைத்தது. அப்பாவின் சவப்பெட்டி அருகில்கூட ஒருவர் உன் தோளைத் தட்டி, "அந்த ஓட்டத்த ஒரு தடவ சொல்லுப்பா" என்றார். அடுத்த வாரமே நீ அலாஸ்காவுக்கு மீன்பிடிப் படகு வேலைக்குப் போய்விட்டாய்.

செய்தி இதுதான்: உன்னோடு இன்னொருவன் சேர்ந்துவிட்டான்.

போன வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு மருந்துக் கடை சார்பில் என்னை முதலுதவிப் பெட்டியோடு உட்கார வைத்திருந்தார்கள். இந்த விளையாட்டைப் பற்றி என் அபிப்பிராயம் நீ அறிந்ததுதான். நம் பள்ளிப் பையன்கள் தங்கள் பக்கத்து முனைக் கோட்டிலிருந்து ஒரே கெஜத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். பந்து வேட் நோவோட்னியிடம் போனது. பன்றிப் பண்ணை நோவோட்னியின் கடைசிப் பையன், உருண்டை உடம்பு. மற்றவர்களுக்கு முட்டி வழி உண்டாக்கத்தான் அவனை வைத்திருந்தார்கள். அவனை வீழ்த்தப் பாய்ந்த இருவர் தங்களுக்குள் மோதி விழுந்தார்கள். எதிரே வெறும் புல். "இவன் ஓடலய்யா, உருளுறான்!" என்று ஒலிபெருக்கியில் எல்மர் குபிக் கத்தினார். துரத்தியவர்கள் சட்டையைத் தொடும் தூரத்துக்கு வந்தும் பையன் பிடி கொடுக்கவில்லை. "ஓடுடா ராசா, நிக்காதே, ஓடு!" என்று யாரோ ஒரு பெண் தொண்டை கிழிய அலறினாள். வேட் மறுமுனைக் கோட்டைத் தாண்டியதும், அலறியது யாரென்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு நாள் சைகையால்தான் மருந்து விற்றேன்.

பிறகு வந்தது சண்டை. ஊர் வழக்கப்படி, சாதனை முறியடிக்கப்பட்டால் பழையவனே ஏணியில் ஏறி மைதானத்துச் சுவரிலிருந்து தன் பெயர்ப் பலகையைக் கழற்றிப் புதியவன் கையில் கொடுக்க வேண்டும் அல்லவா? நீ இல்லாததால் கோச் ஸ்லாமா ஏணியோடு கடைக்கே வந்துவிட்டார். "அண்ணனுக்குப் பதிலா நீயே ஏறிடும்மா" என்றார்.

மாட்டேன் என்றேன். மைதானமே நூறு கெஜம். பந்து கிடந்தது ஒன்றில். மிச்சம் தொண்ணூற்றொன்பது; அண்ணன் ஓடியதும் அதேதான். அதற்கு மேல் ஓடுகிறவன் கார் நிறுத்துமிடத்தில்தான் போய் முட்ட வேண்டும். என் அண்ணனை யாரும் முந்தவில்லை, முந்தவும் முடியாது என்றேன்.

"படிச்ச பொம்பளகிட்ட வாயக் குடுத்தா இப்படித்தான்" என்று கோச் முனகினார். காபிக் கடையில் ஊரே இரண்டாகப் பிரிந்தது. எல்மர் என் கட்சி. "தேசிய லீக்ல டல்லஸ்காரர் டோர்செட் இதே தொண்ணூத்தொம்பது கெஜம் ஓடுனப்போ அவரு அணியில பத்தே பேருதான்யா நின்னாங்க, ஒருத்தன் மைதானத்துக்கே வரல. முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு டென்னசி ஹென்றி ஓடுனாரு. ஒரு அங்குலம் கூடுச்சா? ரெண்டு பேரும் இன்னிக்கும் ஒண்ணாத்தான் இருக்காங்க!" என்று மேசையைத் தட்டினார். கடைசியில் நன்றித் திருநாள் வாரத்தில் உன் பலகைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று அடிப்பது என்று முடிவாயிற்று. தோற்ற கோச் எல்லாருக்கும் கசகசா வைத்த கொலாச்சி இனிப்பு பன் வாங்கிக் கொடுத்தார்.

நேற்று வேட் இருமல் மருந்து கேட்டு வந்தான். இருமலைக் காணோம்.

"மிஸ் வோண்ட்ரா, உங்க அண்ணன் இத எப்படித் தாங்குனாரு? முடி வெட்டப் போனா கதை சொல்லுங்கிறாங்க, சர்ச்சுக்குப் போனா கதை சொல்லுங்கிறாங்க. எங்க பன்னிங்க மட்டுந்தான் இன்னும் கேக்கல. நான் ட்ரம்பெட் நல்லா வாசிப்பேன், அத ஒருத்தராச்சும் கேட்டாங்களா?" என்றான். பிறகு, "பலகை அடிக்கிற அன்னிக்கு அவரு வருவாரா? வந்தா பாதிக் கூட்டமாச்சும் அவருகிட்டப் போயிருமில்ல?" என்றான்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனாலும்தான். உனக்கு முழு விடுதலை கிடைத்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், அண்ணா. பாதிதான். ஆனால் பாதி என்பது சின்ன விஷயமில்லை. இதை எப்படித் தாங்குவது என்ற அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நீதான்.

மாடி அறையைத் திறந்து காற்றாட விட்டிருக்கிறேன். முழு வான்கோழியை ஓர் ஆளுக்காகச் சமைப்பது முட்டாள்தனம் என்று எனக்கும் தெரிகிறது. வா. அந்த ஓட்டத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். படகில் யாரோடு பேசுகிறாய், நன்றாகத் தூங்குகிறாயா, இந்த வருஷங்களில் உன்னைச் சிரிக்க வைத்தது எது என்று மட்டும் சொல். இதையெல்லாம் ஒருநாளும் உன்னிடம் யாரும் கேட்டதில்லை.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும்.

உன் தங்கை,
ரெனே